கிரகணத்தை விடுங்கள், கிடாவைப் பாருங்கள்

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். உசிலம்பட்டி பக்கத்தில் ஒரு கிராமத்தில் 20 வெள்ளாடும் ஒரு ஜெர்சி கலப்பு மாடும் வைத்திருக்கிறோம். போன நவம்பர் 20-ம் தேதி எங்கள் கருப்பி 2 குட்டி போட்டது. ஒன்று நன்றாக இருக்கிறது. இன்னொன்றுக்கு மலம் போகிற துவாரமே இல்லை. 3-ம் நாள் வயிறு உப்பிச் செத்துப்போனது. ஆடி மாதம் வேறொரு ஆடு போட்ட குட்டிக்கு முன்னங்கால் இரண்டும் மடங்கியிருந்தது. என் மாமியார் எண்ணெய் தேய்த்து நீவிவிட்டார். 10 நாளில் நிமிர்ந்துவிட்டது. செப்டம்பர் 7 சந்திர கிரகண ராத்திரியில் கருப்பியை வெளியே கட்டிப்போட்டதுதான் காரணம், இந்த ஆடு வீட்டுக்கு ஆகாது, திருமங்கலம் சந்தையில் தள்ளிவிடுங்கள் என்கிறார்கள். வீட்டுக்காரரும் அப்படித்தான் சொல்கிறார். கருப்பி எங்கள் வீட்டிலேயே, இப்போது இருக்கிற கிடாவுக்குப் பிறந்த ஆடு. கிடா 4 வருஷமாக இருக்கிறது, நல்ல வாட்டசாட்டமான கிடா. ஆனி கடைசியில் எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் பூச்சி மருந்து ஊற்றினோம். இன்னும் இரண்டு சந்தேகம். மழைக்காலத்தில் வெள்ளச்சி என்ற ஆட்டுக்குக் காய்ச்சல் என்று பின்தொடையில் ஊசி போட்டார்கள். மறுநாளிலிருந்து காலை இழுக்கிறது, இப்போது அந்தத் தொடை சூம்பிவிட்டது. சத்து டானிக் கொடுத்தால் சதை பிடிக்குமா? அப்புறம், எங்கள் மாடு இரட்டைக் கன்று ஈன்றது, ஒன்று காளை, ஒன்று கிடேரி. கிடேரிக்கு இரண்டரை வயசாகப்போகிறது, இன்னும் பருவத்துக்கே வரவில்லை. எங்கள் குடும்பத்துக்கு ஏதும் தோஷமா?

பதில்:

அம்மா, வணக்கம்.

கருப்பியை இந்த வெள்ளிக்கிழமை சந்தைக்கு வண்டியில் ஏற்ற வேண்டாம். நீங்கள் அவசரமாகச் செய்ய வேண்டியது அது ஒன்றுதான், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் குடும்பத்துக்குத் தோஷம் எதுவும் இல்லை. செத்த குட்டி, மடங்கிய கால், சூம்பிய தொடை, பருவத்துக்கு வராத கிடேரி, இந்த நான்கும் தனித்தனிக் காரணங்களால் வந்தவை. ஒரே வீட்டில் அடுத்தடுத்து நடந்ததால் ஒன்றுக்கொன்று தொடர்பு இருப்பதுபோல் தோன்றுகிறது, அவ்வளவுதான். இதில் எதுவும் தொற்றிப் பரவும் நோயாகவும் தெரியவில்லை. மற்ற ஆடுகளைப் பிரித்துக் கட்ட வேண்டியதில்லை.

ஆடு மாடுகளின் உடம்பில் ஒரு குறையைப் பார்த்தால் நாங்கள் முதலில் தேடுவது, அது எப்போது நேர்ந்தது என்பதை. அந்த உறுப்பு கருவிலேயே உருவாகவில்லையா? உருவான பிறகு வளராமல் நின்றுவிட்டதா? நன்றாக வளர்ந்து, பிறந்து, ஓடியாடிய பிறகு சூம்பியதா? பார்வைக்கு மூன்றும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு கால் சின்னதாக இருக்கிறது, அவ்வளவுதான் நம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் வைத்தியம் உண்டா, மறுபடி வருமா, யாரை விற்பது, யாரை வைத்துக்கொள்வது எல்லாம் அந்த ஒரு கேள்விக்கான பதிலைப் பொறுத்தது. உங்கள் கடிதத்தில் தேதிகளைக் குறித்து எழுதியிருக்கிறீர்கள். நிறையப் பேர் அதைச் செய்வதில்லை. அந்தத் தேதிகளை வைத்துக்கொண்டே பாதிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம்.

கிரகணத்தையே எடுத்துக்கொள்வோம். வெள்ளாட்டின் சினைக்காலம் சுமார் 150 நாள். கருப்பி நவம்பர் 20-ல் குட்டி போட்டது என்றால் ஜூன் 23 வாக்கில், அதாவது ஆனி 9, 10 தேதியில் சினை பிடித்திருக்கிறது. செப்டம்பர் 7 கிரகணத்தன்று அது 75 நாளைத் தாண்டிய சினை. குட்டியின் குடல், மலத்துவாரம், கால், கண் எல்லாம் உருவாகும் வேலை சினையின் முதல் ஒன்றரை மாதத்துக்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு நடப்பது பெரும்பாலும் வளர்ச்சிதான். ஆக, கிரகண ராத்திரி வந்தபோது அந்தக் குட்டிக்குத் துவாரம் இல்லாமல் போனது ஏற்கனவே முடிந்துபோன சங்கதி. நீங்கள் கருப்பியை வீட்டுக்குள் கட்டியிருந்தாலும் அது அப்படித்தான் பிறந்திருக்கும். அதே வயிற்றில், அதே ராத்திரியில் இருந்த இன்னொரு குட்டி நன்றாக இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இதை உங்கள் வீட்டுக்காரரிடமும் மாமியாரிடமும் நாள் எண்ணிக் காட்டுங்கள். சண்டை போடத் தேவையில்லை, நாட்காட்டி போதும்.

சரி, துவாரம் ஏன் திறக்கவில்லை? கரு வளரும்போது குடலின் கடைசி முனை வாலடியை நோக்கி வரும். அங்கே ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கும். அது உரிய நாளில் கிழிந்து வழி விட வேண்டும். கிழியாவிட்டால் குட்டி மூடிய துவாரத்தோடு பிறக்கும். சில குட்டிகளில் குடல் தோல்வரை வந்து நின்றிருக்கும், நடுவில் தோல் மட்டுமே தடையாக இருக்கும். சிலவற்றில் குடலே பாதியில் நின்றிருக்கும். வெள்ளாடு, செம்மறி, கன்று, பன்றிக்குட்டி எல்லாவற்றிலும் இந்தக் குறையைப் பார்க்கிறோம்.

இதைப் பற்றி நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது, குடல் தோல்வரை வந்திருந்தால் இது காப்பாற்றக்கூடிய குறை என்பது. இப்படிப் பிறந்த குட்டி முதல் நாள் நன்றாகவே பால் குடிக்கும், துள்ளும், யாருக்கும் சந்தேகம் வராது. மற்றக் குட்டிகளுக்குச் சீம்பால் குடித்ததும் கறுப்பும் மஞ்சளுமாகப் பிசின் மாதிரி முதல் மலம் வாலடியில் ஒட்டியிருக்கும். இதற்கு அந்த இடம் சுத்தமாக, வறண்டு இருக்கும். இரண்டாம் நாள் முதுகை வளைத்து, வாலைத் தூக்கி, முக்கும். பால் குடிப்பதை விடும், பல்லை நறநறவென்று கடிக்கும். வயிறு உப்பி, விரலால் தட்டினால் டம் டம் என்று சத்தம் வரும். நீங்கள் எழுதியிருப்பதும் இதுதான். முதல் நாளே வாலைத் தூக்கிப் பார்த்திருந்தால், வயிற்றை மெதுவாக அழுத்தும்போது வாலடியில் தோல் புடைப்பது தெரியும். புடைத்தால் குடல் அங்கே வந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தை மரத்துப்போக ஊசி போட்டு, தோலில் வட்டமாக வெட்டியெடுத்து, குடலின் முனையைத் திறந்து, அதைத் தோலோடு சேர்த்துத் தைத்துவிடுவோம். சின்ன அறுவைதான். கால்நடை மருந்தகத்திலேயே செய்யலாம். வீட்டில் பிளேடால் கீறுவதோ கம்பியைச் சூடு காட்டிக் குத்துவதோ கூடவே கூடாது. குடல் கிழிந்து சீழ் பிடித்து அதிலேயே போய்விடும். பெட்டைக்குட்டியாக இருந்தால் சில சமயம் குடல் பிறப்புறுப்பில் போய்த் திறந்திருக்கும், மலம் அந்த வழியாக வரும். அதனாலேயே அது பல நாள் தாக்குப்பிடிக்கும். அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி ஒவ்வொரு குட்டி விழுந்ததும், தாய் நக்கி முடித்த கையோடு, வாலைத் தூக்கிப் பாருங்கள். வாய்க்குள் சுத்தமான விரலை விட்டு மேலண்ணத்தைத் தடவிப் பாருங்கள். அங்கே பிளவு இருந்தால் குடித்த பால் மூக்கு வழியே வரும், நுரையீரலுக்குள்ளும் போகும். தொப்புளையும் கால் மூட்டுகளையும் பாருங்கள். ஒரு நிமிஷ வேலை இது. அறுவை செய்து பிழைக்கும் குட்டியைக் கறிக்கு வளர்க்கலாம். அதை இனவிருத்திக்கு மட்டும் வைக்கக் கூடாது.

ஏன் வைக்கக் கூடாது என்றால், இந்தக் குறையில் பரம்பரைக்கும் பங்கு உண்டு. ஒரே ஒரு மரபணுதான் காரணம் என்று கைகாட்ட முடியாது, பல காரணங்கள் கூடி வருவது. ஆனால் நெருங்கிய உறவில் சேர்க்கும்போது இதுமாதிரிக் குறைகள் கூடும். இங்கேதான் உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி என்னை நிறுத்தியது: கருப்பி இப்போது இருக்கிற கிடாவுக்குப் பிறந்த ஆடு. அப்படியானால் செத்த குட்டிக்குத் தகப்பனும் தாத்தாவும் ஒன்றுதான்.

இதன் கணக்கைச் சொல்கிறேன். எந்த உயிரானாலும் வெளியே தெரியாத சில குறைகளை உள்ளே சுமந்துகொண்டுதான் இருக்கும். ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதியாக இருப்பதால், ஒன்று கெட்டாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். உங்கள் கிடாவிடம் அப்படி ஒரு கெட்ட பிரதி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது மகளுக்குப் போயிருக்க 2-ல் 1 வாய்ப்பு. போயிருந்து, அந்த மகளோடு கிடா சேர்ந்தால் குட்டிக்கு இரண்டு பிரதியுமே கெட்டதாக அமைய 4-ல் 1 வாய்ப்பு. இரண்டையும் பெருக்கினால் 8-ல் 1. உறவே இல்லாத வெளி ஆட்டோடு சேர்ந்திருந்தால், அந்த ஆடும் அதே குறையைச் சுமந்திருப்பது அபூர்வம் என்பதால், பல தலைமுறைக்கு அது வெளியே தெரியாமலே போயிருக்கும். மலத்துவாரக் குறை இந்தச் சுத்தமான கணக்குக்குள் அடங்காது என்றாலும், உறவுக்குள் சேர்ப்பது ஏன் ஆபத்து என்பதற்கு இந்த 8-ல் 1 போதும்.

கிடா வாட்டசாட்டமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் கிடாவின் உடம்பைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அமெரிக்காவில் கார்லின்-எம் ஐவன்ஹோ பெல் என்று ஒரு ஹோல்ஸ்டீன் காளை இருந்தது. அதன் மகள்கள் பால் கறப்பதில் பேர் வாங்கியவை, அதனால் அதன் உறைவிந்து பல நாடுகளுக்குப் போனது. காளைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அதன் வம்சத்துக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சேர்ந்தபோது, ரத்த வெள்ளணுக்கள் கிருமியோடு போராடப் போக முடியாமல், சின்ன வயதிலேயே நோய்மேல் நோய் வந்து சாகும் கன்றுகள் பிறந்தன. அந்த மரபணுக் கோளாறு 1992-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குப் பிறகுதான் காளைகளைச் சோதித்து விலக்க முடிந்தது. இந்தியாவிலும் உறைவிந்து நிலையங்களில் காளைகளுக்கு இந்தச் சோதனை உண்டு. மாட்டுக்குச் சினை ஊசி போடும்போது விந்துக் குச்சியில் அச்சடித்திருக்கும் காளை எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான். உங்கள் பட்டிக் கிடாவுக்கு அப்படிச் சோதனை எதுவும் கிடையாது; அதை நேரத்துக்கு மாற்றுவது ஒன்றே வழி.

கிடா வந்து 5 மாதத்தில் குட்டிகள் விழும். அந்தப் பெட்டைக்குட்டிகள் 8, 10 மாதத்தில் பருவத்துக்கு வந்துவிடும். ஆக ஒன்றேகால் வருஷத்தில் தகப்பனும் மகளும் ஒரே பட்டியில் நிற்பார்கள். ஒன்றரை வருஷம், மிஞ்சிப்போனால் 2 வருஷத்துக்கு மேல் ஒரு கிடாவை வைக்கக் கூடாது என்பது இந்தக் கணக்கில்தான். உங்களுடையது 4 வருஷமாக இருக்கிறது. கருப்பி மட்டுமல்ல, உங்கள் பட்டியில் பாதிக்கு மேல் அதன் மகள்களாகவோ பேத்திகளாகவோ இருக்கும். இன்னொன்று: வீட்டில் பிறக்கும் கிடாக்குட்டிகளை 3 மாதத்துக்குள் காயடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிரித்துக் கட்டுங்கள். 4 மாதக் குட்டியே தாயையும் கூடப்பிறந்ததையும் சினையாக்கிவிடும்.

அந்தப் பூச்சி மருந்தையும் நான் விடமாட்டேன். ஆனி கடைசி என்றால் ஜூலை இரண்டாம் வாரம். கருப்பிக்கு அப்போது 20 நாள் சினை, சரியாக உறுப்புகள் உருவாகும் நேரம். என்ன மருந்து என்று நீங்கள் எழுதவில்லை. பாட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அல்பெண்டசோல் என்று இருந்தால், அது சினையின் ஆரம்பத்தில் கொடுக்கக் கூடாத மருந்து; செம்மறிக்கு முதல் 30 நாள், மாட்டுக்கு முதல் 45 நாள் கொடுக்கக் கூடாது என்பது அந்த மருந்துக்கான எச்சரிக்கை. வெள்ளாட்டுக்கும் அதையே கடைப்பிடிக்கிறோம். அது உண்டாக்கும் குறைகள் பெரும்பாலும் எலும்பிலும் காலிலும் வருபவை, அதனால் இந்தக் குட்டி விஷயத்தில் எனக்குக் கிடாவின் மேல்தான் சந்தேகம் அதிகம். ஆனாலும் கிடாவை ஆடுகளோடு சேர்த்தே மேயவிடும் பட்டியில் எது எப்போது சினை என்று தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில் ஃபென்பெண்டசோல் போன்ற, சினைக்கு ஆகும் மருந்தை உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

சினையின் ஒரு குறிப்பிட்ட நாள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் நடந்ததைவிடத் தெளிவான சாட்சி இல்லை. அங்கே மலைமேய்ச்சலுக்குப் போன செம்மறிகள் நெற்றி நடுவில் ஒரே கண்ணோடு குட்டிகள் போட்டன. அரசு விஞ்ஞானிகள் பல வருஷம் ஆராய்ந்து, அங்கே முளைக்கும் ஒரு காட்டுச் செடியைக் கண்டுபிடித்தார்கள். தாய் ஆடு அதைச் சினையின் 14-ம் நாளில் தின்றால்தான் ஒற்றைக்கண் குட்டி. மற்ற நாட்களில் தின்றால் அந்தக் குறை வருவதில்லை. அந்தச் செடியிலிருந்த பொருள் கருவில் முகம் இரண்டு பக்கமாகப் பிரியும் கட்டளையைத் தடுக்கிறது என்று பிற்பாடு தெரிந்தது. அந்தக் கட்டளைப் பாதையைத் தடுக்கும் ஒரு மருந்து, மனிதருக்கு வரும் ஒருவகைத் தோல் புற்றுநோய்க்கு 2012-ல் அங்கீகாரம் பெற்றது. அந்தச் செடி நம் பக்கம் கிடையாது, பயப்பட வேண்டாம். சினைத் தேதியை எழுதி வைப்பது எதற்கு என்று யாராவது கேட்டால் சொல்வதற்காக இதை எழுதினேன்.

மடங்கிய கால் குட்டிக்கு வருகிறேன். உங்கள் மாமியார் செய்தது நல்ல வேலை. 10 நாளில் நிமிர்ந்துவிட்டது என்றால் எலும்பிலும் மூட்டிலும் குறை இல்லை, காலின் பின்பக்க நரம்புக்கயிறு என்று நாம் சொல்லும் தசைநாண் மட்டும் இறுகியிருந்திருக்கிறது. பெரிய குட்டியாக இருந்து கருப்பையில் காலை நீட்ட இடமில்லாமல் மடங்கிக் கிடந்தாலே இப்படி வரும். இதமாக நீவி, நீட்டி மடக்கி, மெத்தென்ற தரையில் நடக்கவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். நிமிராத குட்டிக்குப் பிவிசி குழாயை நெடுக்காகப் பிளந்து, பஞ்சு வைத்து, கால் பின்னால் வைத்துக் கட்டுவோம். அந்தக் கட்டைத் தினமும் அவிழ்த்துத் தோலில் புண் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இறுக்கிக் கட்டிவிட்டு மறந்தால் கால் அழுகிவிடும். மூட்டே அசையாமல் கட்டையாக இருந்தால் அது வேறு. கருவிலேயே நரம்போ தசையோ உருவாகாததால் வருவது, நீவினால் சரியாகாது. உங்கள் குட்டி அந்த வகை இல்லை. அதன் தாயை விற்க வேண்டிய அவசியமும் இல்லை.

பிறவிக் குறை எல்லாம் பரம்பரைக் குறை என்று நினைத்துவிடக் கூடாது. டெக்சாஸில் ஃபிரெட் ஹேல் என்ற ஆராய்ச்சியாளர் 1933-ல் ஒன்றை எழுதினார். வைட்டமின் ஏ இல்லாத தீவனம் தின்ற ஒரு பெண்பன்றி 11 குட்டி போட்டது, ஒன்றுக்குக்கூடக் கண்விழி இல்லை. அப்படிக் குருடாகப் பிறந்த பன்றிகளையே வளர்த்து, நல்ல தீவனம் கொடுத்து, தமக்குள் சேர்த்தபோது கண்ணுள்ள குட்டிகள் பிறந்தன. குறை ரத்தத்தில் இல்லை, தீவனத்தில் இருந்தது. உங்கள் ஆடுகள் வேலி ஓரம் கடித்துத் திரிவதால் அவற்றுக்கு இந்தப் பயம் குறைவு. மாட்டைப் பற்றித்தான் எனக்குக் கவலை. சித்திரை, வைகாசியில் உசிலம்பட்டிப் பக்கம் பச்சை என்று ஒன்றும் இருக்காது, வெறும் வைக்கோலில் மாட்டை ஓட்டுவார்கள். வெயிலில் காய்ந்து வெளுத்த வைக்கோலில் வைட்டமின் ஏ ஆகிற சத்து இல்லை. கிணற்றடியில் நாலு வரிசை கோ-5 கம்பு நேப்பியர் தீவனப் புல், வரப்பில் அகத்தியும் வேலிமசாலும் இருந்தால் கோடையைத் தள்ளிவிடலாம். ஆட்டுக்கு அயோடின் சேர்த்த உப்பு கொடுங்கள். தாய்க்கு அயோடின் குறைந்தால் குட்டி கழுத்து வீங்கி, முடியில்லாமல், வலுவில்லாமல் பிறக்கும்.

வெள்ளச்சி விஷயம் முற்றிலும் வேறு. அது நல்ல காலோடு பிறந்து, நல்ல காலோடு வளர்ந்தது. தொடைக்குப் பின்பக்கம், இடுப்பெலும்பை ஒட்டிப் பெரிய நரம்பு ஒன்று இறங்குகிறது. வெள்ளாட்டுக்கு அங்கே சதை கொஞ்சம்தான். காய்ச்சலில் இளைத்த ஆட்டுக்கு இன்னும் குறைவு. ஊசி முனையோ மருந்தோ அந்த நரம்பில் பட்டால் மறுநாளே கால் இழுக்கும், குளம்பின் மேல்பக்கம் தரையில் உரசும். நரம்பு செத்த தசை 2, 3 வாரத்திலேயே கண்ணுக்குத் தெரிகிற அளவு சூம்பும். ஊசி போட்ட மருந்து கெட்டது என்று சொல்லமாட்டேன், இடம்தான் தவறு. ஆட்டுக்கும் கன்றுக்கும் கழுத்துப் பக்கத்தில்தான் போட வேண்டும். இனி யார் ஊசி எடுத்தாலும் கழுத்தில் போடச் சொல்லிக் கேளுங்கள், அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

தசை சூம்புவதிலேயே இரண்டு மூன்று வகை உண்டு. எலும்பு முறிந்து கட்டுப் போட்டால் அந்தக் கால் மெலியும். கட்டை அவிழ்த்து நடக்க ஆரம்பித்ததும் சதை திரும்ப வந்துவிடும். தீவனம் போதாமலோ குடற்புழுவாலோ இளைத்தால் உடம்பு முழுக்க, இரண்டு பக்கமும் ஒரே அளவில் மெலியும். அதற்குத் தீவனமும் மருந்தும் பலன் தரும். நரம்பு போனதால் சூம்பினால் அந்த நரம்பு கட்டுப்படுத்தும் தசை மட்டும், ஒரு பக்கம் மட்டும் சூம்பும். பாலமேடு, அலங்காநல்லூர்ப் பக்கம் மோதி அடிபட்ட சில காளைகளுக்குத் தோள்பட்டைச் சதை குழிந்து, நடுவில் எலும்பு வரப்பு துருத்திக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் நரம்படிதான். இதற்குச் சத்து டானிக் பிரயோசனமில்லை. மோட்டாருக்கு வரும் வயர் அறுந்திருக்கும்போது மோட்டாருக்கு எண்ணெய் விட்டு என்ன ஆகப்போகிறது? டானிக் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

ஆனால் கைவிடவும் வேண்டாம். வெள்ளச்சியின் அந்தக் கால் குளம்பிடுக்கில் அழுத்திக் கிள்ளிப் பாருங்கள். காலைத் தானாக இழுக்கிறதா, இல்லாவிட்டால் திரும்பிப் பார்த்துக் கத்துகிறதா? ஏதாவது ஒன்று இருந்தால் நரம்பு முழுக்கச் சாகவில்லை. நசுங்கிய நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வீதம் மெதுவாக வளரும். இடுப்பிலிருந்து தொடைச் சதைக்கு வரவே 4, 5 மாதம் ஆகும். அதுவரை காலைத் தினமும் இரண்டு வேளை முழுக்க நீட்டி மடக்கிவிடுங்கள், மூட்டு இறுகாமல் இருக்கும். உரசும் இடத்தில் பஞ்சு வைத்துத் துணி சுற்றுங்கள். கல்தரையில் ஓட்டாதீர்கள். ஒரு முறை மருத்துவரிடம் நேரில் காட்டிவிடுங்கள். கொண்டுபோக வசதி இல்லையென்றால் 1962-க்குக் கூப்பிட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். 6 மாதம் கழித்தும் கொஞ்சமும் மாற்றமில்லை என்றால், சதை இருந்த இடத்தில் நாரும் கொழுப்பும் நிரம்பியிருக்கும், அதற்குமேல் திரும்பாது. அப்போதும் வெள்ளச்சி குட்டி போடும், பால் கொடுக்கும். ஊசியால் வந்த குறை குட்டிக்குப் போகாது.

கிடேரிக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே செய்வதற்கு அதிகம் இல்லை. பசுவில் காளைக்கன்றும் கிடேரியும் ஒன்றாக வளரும்போது, சினையின் 30, 40-ம் நாள் வாக்கில் இரண்டின் நஞ்சுக்கொடி ரத்தக்குழாய்களும் ஒன்றாகிவிடும். காளைக்கன்றின் ரத்தமும் அதன் ஹார்மோன்களும் கிடேரிக்குள் போய், அதன் சூலகத்தையும் கருப்பையையும் வளரவிடாமல் செய்துவிடும். இப்படிப் பிறக்கும் கிடேரிகளில் 10-ல் 9-க்கு மேல் மலடுதான். பருவ ஊசி, தாது உப்பு என்று இனி எதற்கும் செலவழிக்கும் முன்னால் மருத்துவர் ஒருவரைக் கையை உள்ளே விட்டுக் கருப்பையைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். கருப்பை நூல் மாதிரி இருந்தாலோ இல்லாமலே இருந்தாலோ அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். அடுத்த முறை ஆணும் பெண்ணுமாக இரட்டை விழுந்தால் முதல் மாதத்திலேயே காட்டுங்கள். வழவழப்பான குழாயைப் பிறப்புறுப்புக்குள் விட்டுப் பார்த்தால், நல்ல கிடேரிக்கன்றில் 13, 15 சென்டிமீட்டர் போவது இதில் 5, 8 சென்டிமீட்டரிலேயே நின்றுவிடும். இரண்டரை வருஷம் தீவனம் போட்ட பிறகு தெரிந்துகொள்வது எவ்வளவு வலி என்று எனக்குப் புரிகிறது. வெள்ளாட்டுக்கு இந்தப் பயம் வேண்டாம். ஆட்டில் ரத்தக்குழாய்கள் அப்படிச் சேர்வது அபூர்வம். கருப்பி ஆணும் பெண்ணுமாகப் போட்டாலும் பெட்டைக்குட்டியை நம்பி வளர்க்கலாம்.

ஆக, போக வேண்டியது கிடா. புதுக் கிடாவை உறவில்லாத தூரத்துப் பட்டியிலிருந்து வாங்குங்கள். கூட்டத்தில் நிற்கும்போது பார்த்து முடிவு செய்யாமல், பிடித்து நிறுத்தி விதையைக் கையால் தடவிப் பாருங்கள். இரண்டும் இறங்கியிருக்க வேண்டும், ஒரே அளவாக, கெட்டியாக இருக்க வேண்டும். ஒற்றை விதைக் கிடா எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம், அது மகன்களுக்குப் போகும். கொம்பில்லாத மோழைக் கிடாவையும் தவிருங்கள், முக்கியமாக உங்கள் பட்டியில் மோழை ஆடுகள் இருந்தால். வெள்ளாட்டில் கொம்பின்மையோடு ஒரு குறை ஒட்டிக்கொண்டு வருகிறது. தாய், தகப்பன் இரண்டுமே மோழையாக இருந்தால் பிறக்கும் பெட்டைகளில் சில ஆணும் இல்லாமல் பெண்ணும் இல்லாமல் போய்விடும். தேர்ந்தெடுக்கத் துணை வேண்டுமென்றால் திருப்பரங்குன்றத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையம் இருக்கிறது, போய்க் கேளுங்கள்.

கருப்பி அடுத்த ஈற்றில் வெளிக் கிடாவுக்குச் சினையாகட்டும். அதிலும் இதே குறை வந்தால் அப்போது அதைக் கழிக்கலாம், அதற்கு முன்னால் வேண்டாம். பழைய கிடாவைத் திருமங்கலத்துக்குக் கொண்டுபோகும்போது கறிக்கென்று கேட்பவருக்கே கொடுங்கள். அந்த உடற்கட்டைப் பார்த்துப் பட்டிக்கு வேண்டும் என்று கூடுதல் விலை சொல்லி யாராவது வருவார்கள். அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.